ரசீது கொடுப்பது யார்? நலிந்த நாட்டை நிமிர்த்தும் வேலை பற்றி ஓர் எளிய விளக்கம்

ராமேசுவரம் துறைமுகத்திலிருந்து விசைப்படகு கடலுக்குக் கிளம்ப வேண்டுமானால் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கியாக வேண்டும். காற்று பலமாக வீசும் என்று வானிலை மையம் சொல்லிவிட்டால் அன்று டோக்கன் கிடையாது. நூற்றுக்கணக்கான படகுகள் நங்கூரத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஒரு பங்கீடும் இருக்கிறது. வலை அறுந்து, கரையில் தகராறு முற்றி, பிறகு உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். இதிலெல்லாம் குறை சொல்லாத மீனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பணம் போதவில்லை, காலத்தில் வருவதில்லை, தடைசெய்த இரட்டைமடி வலையை இழுப்பவனைக் கேட்பாரில்லை. ஆனால் அந்தக் குறையை எந்த அலுவலகத்தின் வாசலில் போய்ச் சொல்வது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிக நீளமான கடற்கரை சோமாலியாவுடையது. 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கரையில் 1991 ஜனவரிக்குப் பிறகு அப்படியொரு வாசல் இல்லாமல் போயிற்று. படகுக்கு அனுமதி தரவும், மறுக்கவும், எல்லை மீறி வந்த அந்நியக் கப்பலைத் திருப்பி அனுப்பவும் ஆள் இல்லை. அந்த வாசலைத் திரும்பக் கட்டுவதற்கு உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படையும் பணமும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. செய்திகளில் 'அரசுக் கட்டுமானத்துக்குச் சர்வதேச ஆதரவு' என்று வருவது இதைத்தான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் உலக நடப்பு பாடம் எடுக்கிறேன். சோமாலியா என்றதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், இத்தனை வருடம் பணத்தைக் கொட்டியும் ஏன் சரியாகவில்லை?" கேட்கும் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் அண்ணனோ மாமாவோ வளைகுடாவில் இருக்கிறார், சிலர் சரக்குக் கப்பலில் ஏறியிருக்கிறார்கள். சோமாலியக் கடற்கொள்ளையர் நடமாடும் ஏடன் வளைகுடாவைக் கப்பல் கடக்கிறது என்று தெரிந்த இரவில் வீட்டில் யாருக்கும் தூக்கம் பிடிப்பதில்லை. ஆகவே கேள்வி தேர்வுக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. அதற்கு என்னால் இயன்ற நீண்ட பதில் இது.

நலிந்த நாடு என்றால் என்ன?

ஏழை நாடெல்லாம் நலிந்த நாடு ஆகிவிடாது. 2022-ல் இலங்கையில் நடந்ததை நம் கரை நேரிலேயே கண்டது. டாலர் தீர்ந்தது, எரிபொருள் இல்லை, அரிசி விலை எகிறியது. அந்த ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் படகேறி தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் பதிவானார்கள். ஏப்ரலில் அந்நாடு வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதிபர் நாட்டை விட்டே ஓடினார். ஆனாலும் நாடாளுமன்றம் கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது, நீதிமன்றங்கள் நடந்தன, அரசு அலுவலகங்களில் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டபோது, கையெழுத்துப் போட ஒரு நிதி அமைச்சகமும் கணக்கு வைக்க ஒரு மத்திய வங்கியும் இருந்தன. கையில் காசில்லாத அரசு அது. அரசே இல்லை என்ற நிலை வரவில்லை.

சோமாலியாவில் போனது அரசே. 1969-ல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே, முதலில் சோவியத் ஒன்றியத்தின் துணையோடும் பிறகு அமெரிக்காவின் துணையோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். 1977-ல் எத்தியோப்பியாவின் ஒகாடென் பகுதிக்காகப் போருக்குப் போய்த் தோற்றார். பிறகு தம் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ளக் குலத்துக்கு எதிராகக் குலத்தை மூட்டிவிட்டார். வடக்கே ஹர்கீசா நகரத்தைத் தம் சொந்த விமானப்படையை வைத்தே குண்டு வீசித் தரைமட்டமாக்கினார். 1991 ஜனவரியில் கிளர்ச்சிக்காரர்கள் அவரைத் துரத்தியபோது, அவரோடு கஜானா, காவல்துறை, பத்திரப் பதிவு எல்லாம் போயின. துரத்தியவர்கள் தங்களுக்குள் தலைநகர் மொகதிசுவைத் தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு சுட்டுக்கொண்டார்கள்.

மத்திய வங்கி போன பிறகும் சோமாலி ஷில்லிங் நோட்டு புழங்கிக்கொண்டிருந்ததுதான் விசித்திரம். பழைய நோட்டு கிழிந்துபோக, வியாபாரிகளும் பிராந்தியத் தலைவர்களும் வெளிநாட்டில் அச்சடித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். புழக்கத்தில் இருக்கும் ஷில்லிங் நோட்டில் சுமார் 98 விழுக்காடு கள்ள நோட்டு என்று பின்னாளில் பன்னாட்டு நாணய நிதியமே மதிப்பிட்டது. கள்ள நோட்டு என்று தெரிந்தே மக்கள் வாங்கினார்கள், கொடுத்தார்கள். இப்போது பெரிய தொகைக்கு டாலர், சில்லறைக்குக் கைபேசிப் பணம்.

இம்மாதிரி நாடுகளை வரிசைப்படுத்தப் பல பட்டியல்கள் இருக்கின்றன. உலக வங்கி ஆண்டுதோறும் ஒன்று வெளியிடுகிறது. நலிந்த நாடுகளுக்கான குறியீடு என்று வேறொன்றும் 2005 முதல் வருகிறது, அதில் சோமாலியா பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். நாட்டைப் புரிந்துகொள்ளப் பட்டியல் அவ்வளவாக உதவாது.

முதல் முயற்சி: சோறு கொண்டு போனவர்கள் போரில் மாட்டியது

1992-ல் சோமாலியாவைப் பஞ்சம் வாட்டியது. இறந்தவர்கள் 3 லட்சம் வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. உணவுக் கப்பல்கள் வந்தன. ஆனால் துறைமுகத்தில் ஒரு படை, சாலையில் ஒரு படை, கிடங்கில் ஒரு படை என்று ஒவ்வோர் ஆயுதக் கும்பலும் பங்கு பிடித்தது. அரிசி மூட்டை துப்பாக்கிக்காரனுக்குச் சம்பளமாக மாறியது. மூட்டையைக் காக்கத்தான் அந்த டிசம்பரில் அமெரிக்கா தலைமையில் படை இறங்கியது. பிறகு 1993-ல் ஐ.நா.வின் பெரிய அமைதிப்படை பொறுப்பேற்றது.

இந்தியாவும் ஒரு பிரிகேடு அனுப்பியது. பைதோவா நகரைச் சுற்றியிருந்த பகுதி அவர்கள் பொறுப்பில் இருந்தது. கிணறு தோண்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், கால்நடைக்கு வைத்தியம் பார்த்தார்கள். தெற்குச் சோமாலியாவில் ஓரளவு அமைதியாக இருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று என்று பெயர் எடுத்தார்கள்.

தலைநகரில் கதை வேறாகப் போயிற்று. உணவைக் காக்க வந்த படை, பிறகு ஆயுதக் குழுக்களைக் களைவது, ஒரு தலைவனைப் பிடிப்பது என்று வேலையை நீட்டிக்கொண்டே போனது. 1993 ஜூனில் ஒரே நாளில் 24 பாகிஸ்தான் அமைதிப்படையினர் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 3 அன்று ஒரு தலைவனின் ஆட்களைப் பிடிக்கப் போன அமெரிக்கப் படையின் இரண்டு ஹெலிகாப்டர்கள் வீழ்த்தப்பட்டு, 18 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் இறந்தார்கள். அந்த எண்ணிக்கையை யாரும் ஒழுங்காக எடுக்கவில்லை. சில மாதங்களில் அமெரிக்கா வெளியேறியது. 1995 மார்ச்சில் ஐ.நா.வும் மூட்டை கட்டியது.

அரசுக் கட்டுமானம் என்ற சொற்றொடர் காகிதத்தில் அழகாக இருக்கும். உள்ளூரில் யார் யாரோடு எதைப் பங்கிட ஒப்புக்கொண்டார்கள் என்று தெரியாமல் வெளியாள் கை வைத்தால், அவனும் இன்னொரு கட்சியாகிவிடுகிறான் என்பதை மொகதிசு காட்டியது.

இதன் பிறகு பத்து ஆண்டுகள் மாநாடுகள். 2000-ல் ஜிபூட்டியில் ஓர் அரசு அறிவிக்கப்பட்டது. 2004-ல் கென்யாவில் இன்னொன்று. கென்யாவில் உருவான அரசால் தலைநகருக்குள் கால் வைக்க முடியவில்லை. 2006-ல் பைதோவாவில் ஒரு பழைய தானியக் கிடங்கைச் செப்பனிட்டு அதில்தான் நாடாளுமன்றம் கூடியது. அமைச்சர்கள் இருந்தார்கள், அமைச்சகங்கள் இல்லை. உலகம் அங்கீகரித்தது, உள்ளூர்ச் சந்தையில் அதன் சொல் செல்லவில்லை. அதே ஆண்டு மொகதிசுவைப் பிடித்துச் சில மாதங்கள் ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தவை இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு. டிசம்பரில் எத்தியோப்பியப் படை நுழைந்து அதைக் கலைத்தது. கலைந்த கூட்டத்தின் தீவிர இளைஞர் பிரிவு தனியே வளர்ந்து அல்-ஷபாப் ஆனது. அதோடுதான் இன்றுவரை மல்லுக்கட்டு.

உதவி என்றால் எதை எதைத் தருகிறார்கள்?

முதலில் பாதுகாப்பு. 2007 மார்ச்சில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை மொகதிசுவில் இறங்கியது. உகாண்டா முதலில் வந்தது, பிறகு புருண்டி, ஜிபூட்டி, கென்யா, எத்தியோப்பியா. உச்சத்தில் 22,000 பேர். ஆப்பிரிக்க வீரர்களின் உயிர், அவர்களின் படித்தொகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம், உணவுக்கும் எரிபொருளுக்கும் ஐ.நா.வின் ஏற்பாடு என்று செலவும் ஆபத்தும் பிரித்துக்கொள்ளப்பட்டன. இந்தப் பிரிவினையை நான் பாராட்டுவதா கண்டிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வேலை நடந்தது என்பது உண்மை: சில தெருக்களுக்குள் முடங்கிக் கிடந்த அரசைக் காப்பாற்றி, 2011 ஆகஸ்டில் அல்-ஷபாபைத் தலைநகரிலிருந்து வெளியேற்றினார்கள். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் படித்தொகையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததும் புருண்டியும் உகாண்டாவும் முகம் சுளித்ததும் உண்மை.

கூடவே சோமாலிய ராணுவத்தைப் பயிற்றுவிக்கும் வேலை. இங்கேதான் குட்டையைக் குழப்பினார்கள். துருக்கி ஒரு பிரிவைப் பயிற்றுவித்தது, அமெரிக்கா ஒரு சிறப்புப் படையை, ஐரோப்பிய ஒன்றியம் இன்னொன்றை, ஐக்கிய அரபு அமீரகம் வேறொன்றை. ஒவ்வொருவரும் தங்கள் துப்பாக்கி, தங்கள் சீருடை, தங்கள் கையேடு. 2018-ல் அமீரகத்துக்கும் மொகதிசுவுக்கும் மனக்கசப்பு ஏற்பட்டுப் பயிற்சி நின்றது.

சம்பளம் அதைவிடப் பெரிய சிக்கல். பணம் தளபதி கையில் மொத்தமாகப் போகும். அவர் கையிலிருந்து கீழே வரும்போது மெலிந்துவிடும். பெயர்ப் பட்டியலில் இறந்தவரும் இருப்பார், பிறக்காதவரும் இருப்பார். மாதக்கணக்கில் சம்பளம் வராத வீரன் என்ன செய்வான்? சாலையில் கயிறு கட்டி, போகிற லாரியிடம் வசூல் செய்வான், துப்பாக்கியை விற்பான். 2017 டிசம்பரில் உணவும் எரிபொருளும் எங்கே போகின்றன என்று கணக்குக் காட்ட முடியாததால் சோமாலிய ராணுவத்தின் பெரும்பகுதிக்குத் தந்துவந்த உதவியை அமெரிக்கா நிறுத்தியது. பிறகு கைரேகைப் பதிவு, தளபதியைத் தாண்டி நேரே வீரனின் கணக்குக்குச் சம்பளம் என்ற ஏற்பாடு வந்தது. மாநாடுகளைவிட இந்த ஒரு சீர்திருத்தம் அதிகம் செய்தது என்பது என் எண்ணம்.

இரண்டாவது, அரசியல் பேரம். 2012 ஆகஸ்டில் தற்காலிக அரசியலமைப்பு நிறைவேறி, செப்டம்பரில் ஹசன் ஷேக் மொகமுது அதிபரானார். நாடாளுமன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 135 குலப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய நான்கு குலங்களுக்குச் சமமாக ஒவ்வொரு பங்கு, மற்றச் சிறு குலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரைப் பங்கு: இதற்கு 'நாலரைச் சூத்திரம்' என்று பெயர். கேட்டவுடன் நமக்குச் சிரிப்பு வரலாம், கோபமும் வரலாம். அரைப் பங்குக்காரனுக்குக் கட்டாயம் கோபம் வரும். ஆனால் துப்பாக்கியைக் கீழே வைக்க நான்கு பேரையும் ஒப்புக்கொள்ள வைத்த கணக்கு அது. ஒப்பந்தம் ஆகும்வரை அதற்கு மாற்று இல்லை, ஆனபிறகு அதிலிருந்து வெளியேற வழி இல்லை. கடைசியாக ஆளுக்கொரு ஓட்டு என்று நாடு முழுதும் நேரடித் தேர்தல் நடந்தது 1969-ல்.

மூன்றாவது, பணமும் கடனும். இதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். நான் சற்று நிற்கிறேன். 1991-க்கு முன் சியாத் பாரே வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது. பழைய பாக்கி நிற்கும்வரை உலக வங்கியும் நாணய நிதியமும் புதுக் கடன் தராது. பாக்கியை அடைக்கப் பணம் இல்லை. தள்ளுபடி வேண்டுமானால் ஒரு நிபந்தனைப் பட்டியல்: பொதுக் கணக்கை ஒழுங்காக வை, சுங்கத்தைச் சீராக்கு, ஒப்பந்தங்களை வெளியிடு. 2020 மார்ச்சில் முதல் படி தாண்டி, 2023 டிசம்பரில் கடைசிப் படியும் தாண்டியது. 450 கோடி டாலர் கடன் கழிந்தது. 2018-ல் நாட்டு உற்பத்தியில் 64 விழுக்காடாக இருந்த வெளிக்கடன் 6 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அதே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை 1992-லிருந்து நீடித்த ஆயுதத் தடையையும் அரசின் மீதிருந்து நீக்கியது. கணக்கு எழுதத் தெரிந்த சில நூறு அதிகாரிகள் செய்த வேலை இது. இந்த வெற்றியைப் படம்பிடித்துக் காட்டவும் ஒன்றுமில்லை, அதனால்தான் நம் தொலைக்காட்சிகளில் வரவில்லை.

அல்-ஷபாபின் ரசீது

இனி அந்தப் பிள்ளைகளின் கேள்விக்கு நேரே வருகிறேன். எந்த நாட்டிலும் அரசு எது என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு: வரி வாங்குபவர் யார், அவர் கொடுக்கும் ரசீது அடுத்த ஊரில் செல்லுமா என்று பார்க்க வேண்டும்.

தெற்குச் சோமாலியாவில் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு அரிசியும் சர்க்கரையும் ஏற்றிப் போகும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். அரசு ராணுவத்தின் பிடியில் இருக்கும் சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடுப்பு வரலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு சீருடை, வேறு வேறு தொகை, பேரம், ரசீது கிடையாது. அல்-ஷபாபின் சோதனைச் சாவடியில் லாரியின் அளவுக்கும் சரக்குக்கும் ஏற்றபடி தொகை முன்பே எழுதப்பட்டிருக்கும். ஒரு தடவை கட்டினால் ரசீது. அந்தத் துண்டுச்சீட்டை அடுத்த சாவடியில் காட்டினால் மறுபடி கேட்பதில்லை. கட்ட மறுத்தவனுக்கு என்ன நேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொலை மிரட்டலின் மேல் நிற்கும் ஒழுங்கு இது என்பதை மறக்கக் கூடாது. 2017 அக்டோபர் 14 அன்று மொகதிசுவின் ஒரு சந்திப்பில் வெடித்த லாரி குண்டு ஐந்நூறு பேருக்கு மேல் கொன்றது. இருந்தும் லாரிக்காரன் கணக்குப் போடுகிறான்: எந்தச் சாலையில் மொத்தச் செலவு முன்கூட்டியே தெரியும்?

அரசின் பிடியில் உள்ள மொகதிசு துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கே அல்-ஷபாப் வரி வாங்கியதை 2020-ல் ஐ.நா. வல்லுநர் குழு பதிவு செய்தது. கப்பலின் சரக்குப் பட்டியல் அவர்கள் கைக்குப் போயிருந்தது. அவர்களின் ஆண்டு வருவாய் 10 கோடி டாலருக்கு மேல் என்பது பரவலான மதிப்பீடு. சோமாலியக் கூட்டாட்சி அரசின் உள்நாட்டு வருவாய் அண்மையில்தான் 30 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டு உற்பத்தியில் அது ஏறத்தாழ 3 விழுக்காடு. பட்ஜெட்டின் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் மானியம்.

இதில் மாட்டிக்கொள்ளும் முடிச்சு ஒன்று இருக்கிறது. தன் மக்களிடம் வரி வாங்கும் அரசு அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வெளிநாட்டிடம் பணம் வாங்கும் அரசு யாருக்குப் பதில் சொல்லும்? பணம் தந்தவர்களுக்கு. அமைச்சர்களின் நேரம் கொடையாளிகளின் கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் கரைகிறது; நன்றாகப் படித்த இளைஞன் அரசு வேலையை விட்டுவிட்டு, பல மடங்கு சம்பளம் தரும் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்குப் போகிறான். மருத்துவமனையை ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது, பள்ளியை இன்னொன்று. தாய்க்குப் பிரசவம் நல்லபடி நடக்கிறது, ஆனால் அதில் அரசின் பங்கு ஒன்றும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிகிறது. உதவியை நிறுத்திவிடலாமா என்றால் அதுவும் கூடாது. 2011 பஞ்சத்தில் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள், அதில் பாதி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அல்-ஷபாப் பல உதவி நிறுவனங்களைத் தன் பகுதிக்குள் விடவில்லை. பணம் பயங்கரவாதிகளுக்குப் போய்விடும் என்ற பயத்தில் கொடையாளிகளும் கையைச் சுருக்கினார்கள். 2017-லும் 2022-லும் மழை பொய்த்தபோது உதவி முன்கூட்டியே போய்ச் சேர்ந்ததால் அந்த அளவு சாவு வரவில்லை.

உண்டியல் பணம்

நம் கரைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியவர்களிடம் கேட்டால், வங்கி வராத காலத்தில் துபாய்ப் பணம் எப்படி வீடு வந்தது என்று சொல்வார்கள். அங்கே ஒருவரிடம் திர்ஹாம் கொடுத்தால் இங்கே ஒருவர் வந்து ரூபாய் கொடுப்பார். நடுவில் பணம் கடல் தாண்டுவதே இல்லை. சொல் மட்டும் தாண்டும். இந்த உண்டியல் முறை இங்கே சட்டத்துக்கு வெளியே. வங்கிகள் அழிந்துபோன சோமாலியாவில் அது நாட்டின் உயிர்நாடி ஆயிற்று. லண்டனிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் டாக்சி ஓட்டும் சோமாலியர் அனுப்பும் பணத்தில் உலை கொதிக்கும் வீடுகள் ஏராளம். ஆண்டுக்கு நூறு கோடி டாலரைத் தாண்டும் அந்தத் தொகை, அரசின் உள்நாட்டு வருவாயைப் போலப் பல மடங்கு.

2001 நவம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின், சோமாலியாவின் மிகப் பெரிய பணமாற்று நிறுவனமான அல்-பரகாத்தை அமெரிக்கா முடக்கியது. பயங்கரவாதத்துக்குப் பணம் போகிறது என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவின் சொந்த விசாரணைக் குழுவே பின்னர் அதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் அந்தரத்தில் தொங்கியது. நாட்டை நிலைப்படுத்த ஒரு கை பணம் அனுப்ப, அங்கே தானாக நிலைத்து நின்ற ஒன்றை இன்னொரு கை சாய்த்தது.

கடலுக்கு யார் காவல்?

கடற்கொள்ளையைப் பற்றிச் சொல்லாமல் ராமநாதபுரத்துக்காரன் சோமாலியாவை முடிக்க முடியாது. 1991-க்குப் பிறகு காவல் இல்லாத அந்தக் கடலுக்குள் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து மீனை வாரின. பெரிய மடி சின்ன வலையைக் கிழிக்கும்போது எப்படி இருக்கும் என்று பாம்பன் நாட்டுப்படகுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. சோமாலிய மீனவர்கள் துப்பாக்கியோடு போய்க் கப்பல்களை மறித்து அபராதம் வாங்கினார்கள். தங்களைக் கடலோரக் காவல் என்றே அழைத்துக்கொண்டார்கள். இதுவரை எனக்கும் அனுதாபம் உண்டு. ஆனால் 2008 வாக்கில் அது முதலாளி, பங்குத்தொகை, பேரம்பேசும் தரகர் எல்லாம் உள்ள தொழிலாகிவிட்டது. அரிசி ஏற்றிப் போகும் கப்பலையும் பிடித்தார்கள், வலைக்கே சம்பந்தமில்லாத மாலுமிகளை மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கொள்ளையை மீனவரின் கோபம் என்று மட்டும் சொல்லி நியாயப்படுத்துபவர்கள் அந்த மாலுமிகளின் வீட்டுப் பெண்களிடம் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம்.

2008 அக்டோபரிலிருந்து இந்தியக் கடற்படை ஏடன் வளைகுடாவில் ரோந்து போகிறது. ஐரோப்பியக் கடற்படையும் அந்த டிசம்பரில் வந்தது. கப்பல்கள் ஆயுதக் காவலர்களை ஏற்றிக்கொண்டன. 2011-ல் உச்சத்தில் இருந்த கொள்ளை 2013-க்குள் வடிந்தது. தீர்ந்தது என்று நினைத்தபோது 2023 இறுதியில் மறுபடி தலைகாட்டியது. கடத்தப்பட்ட 'ரூயென்' என்ற சரக்குக் கப்பலை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை மீட்டது. 35 கொள்ளையர் சரணடைய, 17 மாலுமிகள் உயிரோடு வந்தார்கள். பிடிபட்டவர்களை விசாரிக்க மும்பைக்குத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

சோமாலியாவில் மீன்பிடி உரிமம் யார் தருவது என்பதே நீண்ட காலம் தகராறு. மொகதிசு ஒரு பக்கம் உரிமம் விற்கும், வடகிழக்கில் பன்ட்லாந்து மாநில அரசு இன்னொரு பக்கம் விற்கும். ஒரே கடலுக்கு இரண்டு டோக்கன்.

உதவி குறைவாகப் போன வடக்கு

இதே சோமாலியர்கள், இதே குல அமைப்பு, ஹர்கீசாவைச் சுற்றி வேறு விதமாக நடந்தது. 1991 மே 18 அன்று சோமாலிலாந்து தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. உலகம் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. அங்கீகாரம் இல்லாததால் உலக வங்கிக் கடன் இல்லை, பெரிய அமைதிப்படையும் இல்லை. 1993-ல் போராமா ஊரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். செலவு அவர்களுடையது, வந்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஒரு மேலவையில் பெரியவர்களுக்கு இடம், கீழவைக்குத் தேர்தல் என்று பின்னால் ஏற்பாடு வந்தது. பெர்பெரா துறைமுகத்தில் ஏறும் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் சுங்கம்தான் கஜானா. கொடுப்பவர்கள் வியாபாரிகள், ஆகவே அரசு அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

2003 அதிபர் தேர்தலில் தேர்தல் ஆணையம் அறிவித்த வித்தியாசம் 80 வாக்குகள். தோற்றவர் நீதிமன்றம் போனார், துப்பாக்கி எடுக்கவில்லை. 2010-ல் அவரே ஜெயித்தார்.

இதைக் கேட்டதும் மாணவர்கள் "அப்படியானால் உதவியே கெடுதலா?" என்று துள்ளுவார்கள். அவசரப்பட வேண்டாம். வடக்கில் ஒரே ஒரு பெரிய குலக் குடும்பம் மேலோங்கியிருந்தது, தெற்கில் அப்படி இல்லை. தெற்கின் வளமான ஆற்றுப் படுகைக்கும் தலைநகருக்கும் போட்டி மிக அதிகம். மேலும் சோமாலிலாந்தும் குறையற்றதில்லை: தேர்தலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். 2023-ல் கிழக்கே லாஸ் அனோட் ஊரில் அதன் ஆட்சியை ஏற்காத குலத்தோடு மூண்ட சண்டையில் அந்தப் பகுதியையே இழந்தது. பேரத்தில் சேர்க்கப்படாதவன் எங்கேயும் ஒருநாள் கணக்குக் கேட்பான்.

இன்றைய நிலை

2022 ஆகஸ்டில் மத்திய சோமாலியாவில் உள்ளூர்க் குலங்களே அல்-ஷபாபின் வரிக்கும் கெடுபிடிக்கும் எதிராக எழுந்தன. ராணுவம் பின்னால் போய்ச் சேர்ந்து, பல ஊர்களை மீட்டது. வெளிநாட்டுப் படை தொடங்காத, உள்ளூர்க்காரர் தொடங்கிய சண்டை என்பதால் எல்லோரும் நம்பிக்கை வைத்தார்கள். மீட்ட ஊரில் உடனே ஒரு நீதிபதியும் நாலு போலீசாரும் ஒரு மருந்தகமும் வர வேண்டும். பல இடங்களில் வரவில்லை. 2025-ல் அல்-ஷபாப் திரும்பி வந்து அவற்றில் சிலவற்றைப் பிடித்தது. மத்திய அரசும் ஜூபாலாந்து, பன்ட்லாந்து மாநிலங்களும் தேர்தல் முறையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை 2022-ல் ஒரு முறையும் 2025 ஜனவரியில் இன்னொரு முறையும் பெயர் மாறியது. அதற்குப் பணம் எங்கிருந்து என்பதுதான் அடைபடாத ஓட்டை. ஆப்பிரிக்கப் படைகளின் செலவில் 75 விழுக்காடு வரை ஐ.நா. உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து தரலாம் என்று 2023 டிசம்பரில் பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டது. சோமாலியாவுக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்கா இசையவில்லை. ஐரோப்பா உக்ரைனுக்குச் செலவழிக்கிறது. படையின் பாக்கி பல கோடி டாலராக ஏறிக்கொண்டு போகிறது.

ஆகவே அடுத்த முறை சோமாலியாவைப் பற்றிச் செய்தி வந்தால், மாநாட்டில் யார் எத்தனை கோடி அறிவித்தார்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று விவரங்களைத் தேடிப் படிக்கச் சொல்கிறேன் என் மாணவர்களிடம். மொகதிசு துறைமுகச் சுங்கத்தில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிந்துவிட்டதா? வீரனின் சம்பளம் அவன் கணக்குக்கு இந்த மாதம் போய்ச் சேர்ந்ததா? சாலையில் அரசு கொடுத்த ரசீதை அடுத்த சாவடியில் அரசின் ஆளே மதிக்கிறானா? மூன்றுக்கும் விடை கிடைப்பது கடினம். செய்தி நிறுவனங்களின் தலைப்புச் செய்தியில் கிடைக்காது, உலக வங்கியின் சலிப்பூட்டும் அறிக்கைகளின் பின் பக்கங்களில் கிடைக்கும்.